தேக்கம்பட்டிப் பாட்டியார்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைய கூட்டத்தில் கிராமத்துப் பாட்டிமாரைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். பாட்டியைப் பற்றிப் பேசுவதென்றால் யாருக்குத்தான் விருப்பமிராது? இங்கே கூடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி மகிழத்தக்க ஒரு பாட்டியார் இருந்திருப்பார். ஆயினும் அவரவர் வீட்டுப் பாட்டியின் பெருமை அவரவர் வீட்டுத் திண்ணைக்கே உரியது. சபையில் எடுத்து ஆராய்வதற்கு, நாடறிந்த ஒரு வாழ்க்கையே தகுந்ததென்று எண்ணினேன். ஆதலின், கோயமுத்தூர் ஜில்லா மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டி என்னும் சிற்றூரில் வாழ்ந்து, 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 27-ஆம் தேதி இவ்வுலக வாழ்வை நீத்த பாப்பம்மாள் அம்மையாரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டேன்.

அவ்வம்மையார் எக்குலத்தவர், நமக்கு உறவு உண்டா இல்லையா என்று கேட்பவர் நம்மில் இருக்கலாம். அக்கேள்விக்கு விடை தேடுவது என் நோக்கமன்று. நல்ல கிணறு எவர் தோட்டத்தில் இருந்தாலும் அதன் நீர் தாகத்தைத் தீர்க்கும். அவருடைய வாழ்க்கையிலிருந்து நம் குடும்பங்கள் கற்றுக்கொள்ளவேண்டியது ஒன்று உண்டு. அதைச் சொல்லவே நான் இங்கு நிற்கிறேன்.

அம்மையார் 1914-ஆம் ஆண்டில் தேவலாபுரம் என்னும் கிராமத்தில் பிறந்தார். முதலாம் உலக யுத்தம் தொடங்கிய ஆண்டு அது. அக்காலத்தில் குழந்தைகள் தாய் தந்தையரை இளமையிலேயே இழப்பது அரிய நிகழ்ச்சியன்று. கிராமங்களில் வைத்தியசாலை இல்லை. பேதி வந்தால் ஊரே வெறிச்சோடும். 1918-ஆம் ஆண்டில் பரவிய இன்புளூயன்ஸா விஷக்காய்ச்சல் தேசமெங்கும் கணக்கற்ற உயிர்களைக் கொள்ளைகொண்டது. பாப்பம்மாள் அம்மையாரும் சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். அவரையும் அவருடைய சகோதரியர் இருவரையும் தேக்கம்பட்டியில் இருந்த அவர்களுடைய தந்தையைப் பெற்ற பாட்டியார் தம்மிடம் அழைத்துக்கொண்டு வளர்த்தார்.

அன்பர்களே! இங்கேதான் நாம் முதலாவதாக நின்று கவனிக்கவேண்டும். பத்மஸ்ரீ விருது பெற்ற பேத்தியைப் பத்திரிகைகள் எல்லாம் புகழ்ந்தன. அவரை வளர்த்த பாட்டியின் படம் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. மகனையும் மருமகளையும் இழந்த துக்கத்தோடு, மூன்று பெண் குழந்தைகளைத் தம் முதுமையில் ஏற்றுக்கொண்ட அந்த மூதாட்டியின் நெஞ்சத் துணிவை எண்ணிப் பாருங்கள். ஆண் துணையில்லாத வீட்டில் மூன்று பெண்கள் என்றால், அக்காலத்து ஊரார் பேச்சு எவ்வாறு இருந்திருக்கும் என்பது நீங்கள் அறியாததன்று. "எங்கேயாவது சீக்கிரம் கட்டிக்கொடுத்துக் கையைக் கழுவு" என்பதே அக்காலத்துப் பொது உபதேசம். குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929-ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது என்பதையும் இவ்விடத்தில் நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

அப்பாட்டியாருக்குத் தேக்கம்பட்டியில் ஒரு சிறு மளிகைக்கடை இருந்தது. அவர் காலத்துக்குப் பின் அக்கடை பேத்தியின் கைக்கு வந்தது. சரித்திரம் இவ்வளவுதான் சொல்கிறது. ஆனால் இவ்வளவே போதும். உப்பும் புளியும் மிளகாயும் விற்கும் ஒரு சிற்றூர்க் கடை என்ன பெரிய ஆஸ்தி என்று நினைக்கவேண்டாம். கடை என்பது ஒரு பெண்ணுக்கு மூன்று நன்மைகளைத் தருகிறது. முதலாவது, பிறர் கையை எதிர்பாராத வருமானம். இரண்டாவது, கணக்கு அறிவு. எவருக்குக் கடன் கொடுக்கலாம், எவருக்குக் கொடுக்கலாகாது, எந்தச் சரக்கை எப்போது வாங்கி எப்போது விற்கவேண்டும் என்னும் கூர்மை. மூன்றாவது, ஊராரோடு நேர்நின்று பேசும் தைரியம். கல்லாவின் முன் உட்கார்ந்தவள் தலைகுனிந்து பேசமாட்டாள். இம்மூன்றையும் பள்ளிக்கூடம் தராத இடத்தில் ஒரு சிறு கடை தந்தது.

பேத்தியார் அக்கடையை வைத்துக் காத்ததோடு நில்லாமல், உணவு விடுதி ஒன்றையும் நடத்தினார். கடையிலும் விடுதியிலும் கிடைத்த லாபத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து அவர் என்ன செய்தார்? நம் தாய்மார்களில் பலர் அந்நிலையில் நகை செய்துகொண்டிருப்பார்கள். நான் குறை கூறவில்லை, நகையும் ஒரு சேமிப்பே. ஆனால் அவர் நிலம் வாங்கினார். ஒன்றன்று, இரண்டன்று, 10 ஏக்கர் நிலம் வாங்கினார்! கணவன் வழி வந்ததன்று. தந்தை வழி வந்ததன்று. பாட்டி விட்டுச் சென்ற கடையிலிருந்து, தம் கைப்பாட்டினால் விளைந்தது.

இதன் அருமையை உணரவேண்டுமானால், அவர் பிறந்த காலத்தில் நம் நாட்டுப் பெண்ணுக்கு நிலத்தில் என்ன உரிமை இருந்தது என்பதைச் சற்று நோக்கவேண்டும். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கில்லை. மகனுக்குப் பிறப்பினாலேயே உரிமை. மகளுக்கோ கல்யாணம் வரையில் சோறும் கல்யாணச் செலவுமே. விதவைக்குக் கணவன் பங்கில் ஆயுட்கால உரிமை தரும் சட்டம் 1937-ஆம் ஆண்டில் வந்தது; அதுவும் முதலில் விவசாய நிலத்துக்குச் செல்லவில்லை. சென்னை மாகாணத்தில் 1947-ஆம் ஆண்டில்தான் விவசாய நிலத்துக்கும் அது விரிவாக்கப்பட்டது. ஆயுட்கால உரிமை என்பது அனுபவிக்கலாம், தன் இஷ்டப்படி விற்கலாகாது என்னும் அரைகுறை உரிமை. அந்த அரைகுறையை முழு உரிமையாக்கியது 1956-ஆம் ஆண்டின் ஹிந்து வாரிசுரிமைச் சட்டம்.

மகளுக்குச் சம பங்கு என்னும் கோரிக்கையைத் தமிழ்நாட்டில் 1929-ஆம் ஆண்டிலேயே செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு தீர்மானமாக நிறைவேற்றிற்று. அத்தீர்மானம் நம் மாநிலத்தில் சட்டமாவதற்கு 60 ஆண்டுகள் சென்றன. 1989-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் மகளையும் மகனைப்போலவே பிறப்பினால் பங்காளியாக்கியது. ஆயினும் அச்சட்டம் அமுலுக்கு வருமுன் மணமாகிப் போனவர்களுக்கு அதில் இடமில்லை. 2005-ஆம் ஆண்டில் பாரத நாடு முழுவதற்கும் திருத்தம் வந்தபோது அக்குறையும் நீங்கிற்று. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சுப்ரீம் கோர்ட்டார், இவ்வுரிமை மகளுக்குப் பிறப்பினாலேயே உண்டு, தகப்பனார் 2005-இல் உயிரோடு இருந்தாரா இல்லையா என்னும் கேள்விக்கு இடமில்லை என்று ஐயந்திரிபறத் தீர்ப்பளித்தார்கள். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதிக்கு முன் முறைப்படி நடந்து முடிந்த பாகப்பிரிவினைகளை மட்டும் இதனால் கலைக்க இயலாது.

இவ்வளவு சட்டங்களும் வருவதற்கு முன்னே, இச்சட்டங்களில் ஒன்றையும் எதிர்பாராமலே, தேக்கம்பட்டியில் ஒரு பாட்டி தம் கடையைப் பேத்திக்கு விட்டுச் சென்றார். சட்டம் செய்யவேண்டியதை ஒரு கிழவியின் மனம் செய்தது. வாழையின் அடியில் கன்று எழுவதுபோல அந்தச் சிறு கடையிலிருந்து ஒரு தோட்டம் எழுந்தது.

இனி அத்தோட்டத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். மேட்டுப்பாளையம் நீலகிரி மலையின் அடிவாரம். 1899-ஆம் ஆண்டு முதல் குன்னூருக்கு மலை ரயில் புறப்படும் இடம். மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி வரும் பவானி ஆறு அப்பக்கத்தைக் குளிர்விக்கிறது. தேக்கம்பட்டியின் வனபத்திரகாளியம்மன் சந்நிதியை நம்மில் பலர் தரிசித்திருப்பீர்கள். வளமான பூமிதான், ஆயினும் மலையடிவாரத்து விவசாயம் எளிதன்று. இரவில் யானை இறங்கினால் ஒரு பருவத்து வாழை ஒரு ஜாமத்தில் போயிற்று. காட்டுப்பன்றி கிழங்கைக் கிளறிவிடும். ஆற்றை ஒட்டியவனுக்கு வெள்ளப் பயம்; ஆற்றுக்கு எட்டியவனுக்கு வறட்சிப் பயம். இத்தகைய இடத்தில் அம்மையார் சோளமும் சிறுதானியமும் பயறும் காய்கறியும் வாழையும் பயிரிட்டார்.

"உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கடைக்கணக்கிலிருந்து கழனிக்கு வந்த அம்மையார் இப்பழமொழிக்கு விலக்காக வாழ்ந்தார் என்றே தோன்றுகிறது. கோயமுத்தூரில் 1906-ஆம் ஆண்டு முதல் விவசாயக் கலாசாலை இருந்து வருகிறது; 1971-ஆம் ஆண்டில் அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. நம்மில் எத்தனை பட்டதாரிகள் அதன் வாசலை மிதித்திருப்போம்? பட்டம் ஏதும் பெறாத அம்மையார் அதனோடு நெடுங்காலம் தொடர்பு வைத்து, அறிஞர் சொல்வதைக் கேட்டும், தம் அனுபவத்தை அவர்களுக்கு எடுத்துரைத்தும் வந்தார். வயது முதிர்ந்தபின் கற்பது வெட்கமென்று அவர் எண்ணவில்லை.

பிற்காலத்தில் அவர் பெயர் பரவியதற்குக் காரணம் இயற்கை விவசாயம். 1960-களின் நடுவில் நம் நாட்டில் புது ரக விதைகளும் ரசாயன உரமும் பூச்சிமருந்தும் பரவின. பஞ்சத்திலிருந்து தேசத்தை மீட்டதில் அவற்றுக்குப் பங்குண்டு. அதை மறுப்பது நன்றியன்று. ஆனால் வரையறையின்றி இட்டதனால் மண்ணின் உயிர்ச்சத்துக் குறைந்தது, மண்புழு அருகியது, செலவு ஏறியது, விவசாயி கடனாளியானான். தொழு உரம், சணப்பு, தக்கைப்பூண்டு, கொழுஞ்சி முதலிய பசுந்தாள் உரங்கள், சாணமும் கோமியமும் பாலும் தயிரும் நெய்யும் சேர்ந்த பஞ்சகவ்யம் ஆகியவற்றால் மண்ணைப் பேணுவதே இயற்கை விவசாயத்தின் முறை. சணப்பை விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், அது மண்ணிலே மக்கித் தழைச்சத்தாகிறது. கடையில் பணங்கொடுத்து வாங்குவது குறைகிறது. அம்மையார் பிற்காலத்தில் இரண்டரை ஏக்கர் நிலத்தையே தம் வசம் வைத்துக்கொண்டு, அதில் இம்முறையில் பயிர் செய்தார். நூறு வயதுக்கு மேலும் நாள்தோறும் தோட்டத்தில் இறங்கி வேலை செய்தார் என்பதை நாடே கண்டது.

தமக்கென்று சேர்த்ததைத் தமக்கென்றே வைத்துக்கொண்டவருமல்லர். தம் சகோதரியின் குழந்தைகளை அவர் வளர்த்தார். பாட்டி தமக்குச் செய்ததை அவர் அடுத்த தலைமுறைக்குச் செய்தார்.

பொது வாழ்விலும் அவர் பின்வாங்கவில்லை. தேக்கம்பட்டி ஊராட்சியில் வார்டு அங்கத்தினராகவும், காரமடை ஊராட்சி ஒன்றியத்தில் கவுன்சிலராகவும் இருந்தார். ஒரு ராஜீயக் கட்சியில் பகிரங்கமாகச் சேர்ந்து அதற்காக உழைத்தார். அக்கட்சியின் கொள்கை நம்மில் சிலருக்கு உவப்பாகவும் சிலருக்கு உவப்பின்றியும் இருக்கலாம். அது வேறு விஷயம். தம் கருத்தைத் தாமே தேர்ந்து, அதை மறைக்காமல் வாழ்ந்தார் என்பதே நாம் மதிக்கவேண்டியது. ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஸ்தானங்களை ஒதுக்கிய 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அமுலுக்கு வந்தது 1993-ஆம் ஆண்டில். அவ்வாண்டில் அம்மையாருக்கு வயது 79. அவருடைய இளமையிலும் நடுவயதிலும் "இது பெண்ணுக்குரிய ஆசனம்" என்று எவரும் எழுதி வைத்திருக்கவில்லை.

2021-ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருதை அறிவித்தது. அவ்வாண்டு பிப்ரவரி மாதம் கோயமுத்தூருக்கு வந்த பிரதம மந்திரி அவரை நேரில் கண்டு வணங்கினார். 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் சார்ந்த கட்சி அவருக்குப் பெரியார் விருதை அளித்தது. அதே மாதத்தில் அவர் காலமானார். மாறுபட்ட கட்சியினர் இருசாராரும் ஒரே கிழவியின் முன் தலைதாழ்த்தினார்கள் என்பது சிறிய காரியமன்று. அவர் சாப்பாட்டில் என்ன ரகசியம் என்று பத்திரிகையாளர்கள் கேட்டபோது, ஆட்டிறைச்சிப் பிரியாணி தமக்கு மிகவும் பிடிக்கும் என்று அவர் ஒளிக்காமல் சொன்ன செய்தியைப் படித்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். பத்தியம் பேசும் நம் நடுவயதினர் இதைக் கவனிப்பார்களாக!

இதுகாறும் அவர் கதையைச் சொன்னேன். இனி நம் கதையைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

நம் குடும்பங்களில் தகப்பனார் காலமானபின் நடப்பது என்ன? கருமாதி முடிந்த சில தினங்களில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போகிறது. அதில் பெண்களின் பெயரும் வருகிறது. பிறகு ஒரு நாள் அண்ணன் வீட்டில் விருந்து. விருந்து முடிந்ததும் பத்திர எழுத்தர் வருகிறார். "ஒரு கையெழுத்துத்தான் அக்கா" என்கிறார்கள். அக்கையெழுத்து விடுதலைப் பத்திரம். கல்யாணத்தில் சீர் செய்தோமே என்பது ஒரு வாதம். நாளைக்குப் பிறந்த வீட்டு வாசல் வேண்டாமா என்பது இன்னொரு வாதம். முன்னது கணக்கு, பின்னது பயமுறுத்தல். மனமார விட்டுக்கொடுக்கும் சகோதரியை நான் தடுக்கவில்லை. அது அவள் பெருந்தன்மை. ஆனால் என்ன பத்திரம், எவ்வளவு சொத்து என்று வாசித்துக் காட்டாமல் வாங்கும் கையெழுத்து நியாயமாகுமா? சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் சென்றும், 2015-16-ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்கள் பொறுப்பில் உள்ள சாகுபடி நிலங்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 14 மட்டுமே. வயலில் நாற்று நடுபவர், களை எடுப்பவர், கதிர் அறுப்பவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாவதாக, நம் பாட்டிமாரின் நிலை. கணவன் வைத்துப்போன வீடும் நிலமும் தம் பெயரில் இருக்கும்வரை மருமக்கள் "அத்தை, அத்தை" என்று தாங்குவார்கள். ஒரு நாள் பாசத்தாலோ வற்புறுத்தலாலோ அனைத்தையும் மகனுக்குச் செட்டில்மெண்டு எழுதிவிடுகிறார்கள். மறுநாள் முதல் பாட்டியின் கட்டில் கூடத்திலிருந்து திண்ணைக்கும், திண்ணையிலிருந்து மாட்டுக்கொட்டகைக்கும் நகர்கிறது. எல்லா வீட்டிலும் இப்படியென்று சொல்லமாட்டேன்; எந்த வீட்டிலும் இல்லையென்று சொல்ல இச்சபையில் எவருக்கேனும் தைரியமுண்டா?

ஆதலின் தாய்மார்களே! செட்டில்மெண்டுக்கும் உயிலுக்கும் உள்ள பேதத்தை நன்கு அறிந்துகொள்ளுங்கள். செட்டில்மெண்டு எழுதிப் பதிவு செய்தால் உரிமை அன்றே கைமாறிவிடும். நினைத்தபோது திரும்பப் பெற இயலாது. உயிலோ உங்கள் காலத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். உயிரோடிருக்கும்வரை மாற்றலாம், நீக்கலாம். செட்டில்மெண்டுதான் எழுதவேண்டுமென்றால், "என்னை ஆயுள்வரை பராமரிக்கவேண்டும்" என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ஆம் ஆண்டில் வந்திருக்கிறது. அதன் 23-ஆவது பிரிவின்படி, அந்நிபந்தனையை மீறினால் கோட்டாட்சியர் தலைமையில் உள்ள தீர்ப்பாயத்தில் முறையிட்டு அப்பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். பராமரிப்புத் தொகையும் அங்கேயே கேட்கலாம்.

தேக்கம்பட்டிப் பாட்டியார் 10 ஏக்கரைக் குறைத்துக்கொண்டார்; ஆனால் இரண்டரை ஏக்கரைக் கடைசிவரை விடவில்லை. அந்த இரண்டரை ஏக்கரே அவருக்கு உணவு, வேலை, மதிப்பு, பேச்சுரிமை எல்லாம் ஆயிற்று. தம் நிலத்தில் நின்று பேசியதனால் அவர் சொல் சபையேறியது. நூறு வயதில் அவர் சுறுசுறுப்பாக இருந்தார் என்று வியக்கிறோம். காலையில் எழுந்ததும் செல்வதற்குத் தம்முடையதென்று ஓரிடம் அவருக்கு இருந்தது. அந்தச் சுறுசுறுப்புக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாமல்லவா?

சங்கத்தாருக்கு என் விண்ணப்பங்கள் இரண்டு. ஒன்று, ஆண்டுக்கு இருமுறையேனும் நம் பெண்களுக்காக ஒரு வழக்கறிஞரை அழைத்து, பட்டா, வில்லங்கச் சான்று, உயில், விடுதலைப் பத்திரம் ஆகியவற்றை விளங்கும் தமிழில் எடுத்துச் சொல்ல ஏற்பாடு செய்யவேண்டும். மற்றொன்று, நம் சங்கத்துப் பெரியோர் முன்னிலையில் நடக்கும் பாகப்பிரிவினைப் பேச்சுகளில், அக்குடும்பத்துப் பெண்மக்களும் உட்கார்ந்து பேசும் வழக்கத்தை ஏற்படுத்தவேண்டும். கூடத்தில் ஆண்கள் பேச, சமையலறையில் பெண்கள் காப்பி கலக்கும் பாகப்பிரிவினை இனி நம்மிடையே வேண்டாம்.

இளைஞர்களே! உங்கள் பாட்டிமாருக்கு நீங்கள் செய்யத்தக்க மரியாதை, அவர்கள் மறைந்தபின் படத்துக்கு மாலையிடுவது மட்டுமன்று. அவர்கள் உயிரோடிருக்கையில் அவர்கள் பெயரில் உள்ளதை அவர்கள் பெயரிலேயே இருக்க விடுங்கள். உங்களுக்குப் பெண் குழந்தை இருந்தால், அவள் பெயரில் ஒரு சிறு நிலமோ, ஒரு சிறு கடையோ, ஒரு தொழிற்கல்வியோ உண்டாக்குங்கள். அது பிற்காலத்தில் என்னவாக விளையும் என்பதை இன்று நாம் அறியோம். தம் மளிகைக்கடை ஒரு நாள் நாட்டின் பத்மஸ்ரீ விருது வரையில் சென்று சேரும் என்று தேக்கம்பட்டியில் அந்த முதல் பாட்டியார் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்.